ஆட்ட நாளில் சேதி இல்லை

மெர்ட்டன் ஃபால்ஸ் சாயர்ஸ் அணி ஒன்பது ஆண்டுகள் இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளும் வீரர்களின் கணுக்காலில் டேப் சுற்றியவர் காஸ் ப்ரோண்டெக். அவர்களுடைய உடைகளைத் துவைத்ததும், வெளியூருக்குப் பேருந்து ஓட்டியதும் அவர்தான். அலுவலகத்தில் ஃபோன் அடித்தால் எடுப்பதும் அவர்தான். அங்கே வேறு யாரும் இருப்பதில்லை.

காகித ஆலை ஊர். அதனால் அணிக்குச் சாயர்ஸ், அதாவது மரம் அறுப்பவர்கள், என்று பெயர். கோடையில் மாட்டுக் கண்காட்சி நடக்கும் கூடத்தில் பனிக்காலம் வந்ததும் பலகைத் தரை விரித்துக் கூடைப்பந்து ஆடினார்கள். வீரர்கள் உடை மாற்றும் அறை கோடையில் மாடு கழுவும் அறை. தரை நாலாபுறமும் நடுவை நோக்கிச் சாய்ந்து ஒரு வடிகாலில் முடியும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கிறிஸ்துமஸ் வரை மாட்டு வாசனை போகாது. வெளியூர் அணிகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே வந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அவர்கள் ஆடியது சின்ன லீக். பெரிய லீக்கில் யாருக்காவது முழங்கால் போனால், கை ஒடிந்தால், அங்கிருந்து ஒரு ஃபோன் வரும். பத்து நாள் ஒப்பந்தம். பத்து நாளில் தன்னை நிரூபித்தவன் அங்கேயே இருப்பான். மற்றவன் திரும்பி வருவான், ஆனால் ஒருமுறை போய்வந்தவன் என்ற பெயர் அவனுக்கு இருக்கும். சாயர்ஸ் அணியிலிருந்து அப்படி நான்கு பேர் போனார்கள். அலுவலகக் கதவுக்கு மேலே, சுவரில், அவர்களுடைய பெயர்களைப் பயிற்சியாளர் டெல் ஹாவர்காம்ப் தன் கையாலேயே வெள்ளைப் பெயின்டில் எழுதினார். நான்காவது பெயருக்குக் கீழே நிறைய இடம் விட்டிருந்தார்.

டெல் நல்ல மனிதர். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மூன்றாம் ஆண்டில் லைல் ஹாக்ஸ் என்று ஒரு நெட்டையன் ஆடினான். ஒரு சனிக்கிழமை ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, அவனுடைய தம்பி ஏரியில் பனி உடைந்து மூழ்கிவிட்டான் என்று சேதி வந்தது. யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். ஆடுகிறேன் என்றான். ஆடினான். இரண்டாம் பகுதியில் பந்தைக் கையில் வாங்கியவன் அப்படியே நின்றான். எதிரணிக்காரன் கூட அவன் கையிலிருந்து பந்தைப் பறிக்கவில்லை. இரண்டாயிரம் பேர் சத்தம் இல்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல் கோர்ட்டுக்குள் நடந்து போய் அவனுடைய தோளைப் பிடித்து அழைத்து வந்தார்.

அதற்குப் பிறகு டெல் ஒரு விதி போட்டார். ஆட்ட நாளில் சேதி இல்லை. காலையிலிருந்து யார் ஃபோன் செய்தாலும், பிறந்தது, இறந்தது, எதுவானாலும், காஸ் ஒரு சீட்டில் எழுதி, நேரத்தையும் எழுதி, அலுவலக அலமாரி மேல் இருக்கும் காபி டப்பாவில் போட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு டப்பாவைத் திறப்பார்கள். காஸ் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு உரக்கப் படிப்பார். பெரும்பாலும் பால் வாங்கி வா, காரைத் திருப்பிக் கொடு, உன் மாமியார் வந்திருக்கிறாள், ஜாக்கிரதை என்ற மாதிரிதான் இருக்கும். தோற்ற நாட்களில்கூட டப்பா திறக்கும்போது சிரிப்பார்கள். சீட்டு வராதவனுக்கு முகம் சுருங்கும்.

ஐந்து ஆண்டுகள் அந்த விதியை யாரும் மீறவில்லை. அந்த நால்வருக்கும் அழைப்பு வந்தது ஆட்டம் இல்லாத நாட்களில். அதனால் டப்பாவுக்கு அப்படி ஒரு சோதனை வரவில்லை.

எட்டாம் ஆண்டு, மார்ச் மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு ஃபோர்ட் கல்லன் அணியுடன் ஆட்டம். அந்த லீக்கில் வெற்றிக்கு மட்டும் புள்ளி தருவதில்லை. ஓர் ஆட்டத்துக்கு நான்கு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் அதிகம் கூடை போட்ட அணிக்கு ஒரு புள்ளி. ஆட்டத்தை வென்றால் மேலும் மூன்று. ஆட்டத்தில் தோற்றாலும் இரண்டு பகுதிகளை வென்றுவிட்டால் இரண்டு புள்ளி உண்டு. சாயர்ஸுக்கு அன்று வேண்டியது அந்த இரண்டுதான். கிடைத்தால், எட்டு ஆண்டுகளில் முதல்முறையாக அடுத்த சுற்று. ஊரில் எல்லாருக்கும் அந்தக் கணக்கு தெரியும். காலைப் பூசையில் பாதிரியாரே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் ரோலண்ட் மேபெரி மேசைமேல் ஏறிக் காலை நீட்டியிருந்தான். எப்போதும் அவன்தான் முதலில் வருவான். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் கேரி. சின்ன லீக்குகளில் ஏழு வருடம், ஐந்து அணி. இங்கே வந்து மூன்று வருடம். இடது கணுக்கால் மூன்று முறை மடங்கியது. அதற்குக் காஸ் எப்போதும் இரண்டு சுற்று கூடுதலாகப் போடுவார்.

"இறுக்காதே பெரிசு. ரத்தம் ஓடணும்."

"ரத்தம் ஓடினா போதுமா? நீ ஓட வேண்டாமா?"

"ஓடறதுக்குத்தானே இளவட்டம் ஒருத்தன் வர்றான். ஆஷ்வொர்த். அவன் ஓடட்டும். நான் நின்ன இடத்துலேருந்தே போடுவேன்."

டீன் ஆஷ்வொர்த் ஃபோர்ட் கல்லன் அணியின் பதினான்காம் எண். இருபத்துமூன்று வயது. மேபெரி ஆடும் அதே இடத்தில் ஆடுபவன். இருவரில் யார் மேல் என்று இரண்டு ஊர்க்காரர்களும் அந்தப் பனிக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

அலுவலகத்தில் ஃபோன் அடித்தது.

"எனக்குத்தான்," என்றான் மேபெரி.

ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவன் அப்படிச் சொல்வான். மூன்று வருடமாகச் சொல்கிறான். முதல் வருடம் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் அவனுக்கு முன்னாலேயே மற்றவர்கள் கோரஸாகச் சொன்னார்கள். இப்போது அது கொட்டாவி மாதிரி ஆகிவிட்டது.

"பாஸ்டனா இருந்தா வர முடியாதுன்னு சொல்லிடு. அங்க குளிர் ஜாஸ்தி."

"இங்க மட்டும் என்ன வாழுதாம்," என்று சொல்லிக்கொண்டே காஸ் எழுந்து போனார்.

அவசரமான குரல். பெரிய லீக் அணி ஒன்றின் பெயரைச் சொன்னது. தெற்கே, கடலோர நகரம். தங்கள் ஆள் ஒருவனுக்கு நேற்றிரவு தோள்பட்டை நழுவிவிட்டது என்றது.

"உங்க மேபெரி வேணும். பத்து நாள். நாளைக்குக் காலையில பயிற்சியில நிக்கணும். அஞ்சு மணி விமானத்துல சீட் பிடிச்சு வெச்சிருக்கோம். மூணு மணிக்குள்ள அவன் வாயால சரின்னு எனக்குச் சொல்லணும். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"உங்களுக்கு இன்னிக்கு ஆட்டம் இருக்குன்னு தெரியும். அது என் பிரச்சினை இல்ல. அவனுக்கு அடுத்த பேரும் என் கையில இருக்கு. சொல்லிடுங்க."

காஸ் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஃபோனை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டில் நேரத்தை எழுதினார். எழுந்து அலமாரிக்குப் போனார். டப்பா மூடியைத் திறந்தார். சீட்டைப் போட்டார். மூடினார்.

மூடிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கை அதுவாகவே செய்திருந்தது. திறந்து எடுக்க ஒரு நொடி போதும். மூடியின் மேல் விரல்களை வைத்தபடி நின்றார்.

திரும்பி வந்து டேப்பைக் கையில் எடுத்தார்.

"யாரு பெரிசு?"

"பாப்கார்ன் எண்ணெய்க்காரன்."

"ஞாயித்துக்கிழமையுமா? நாய்ப் பொழைப்பு," என்றான் மேபெரி.

காஸ் வலது காலையும் முடித்தார். பிறகு டெல்லைத் தேடிப் போனார்.

டெல் பார்வையாளர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்து ரொட்டிக்குள் வைத்த சாசேஜைத் தின்றுகொண்டிருந்தார். காஸ் சொன்னதைக் கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. காஸ் அதைப் பார்த்தார். பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். முதலில் வந்தது சந்தோஷம்தான்.

"ரோலண்டா? கடைசியில வந்துச்சா?"

"வந்துச்சு, கோச்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"டப்பாவுல போட்டேன்."

டெல் கோர்ட்டைப் பார்த்தார். ஒருவன் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். சாசேஜை மறுபடி காகிதத்தில் சுற்றினார்.

"மூணு மணியா சொன்னான்?"

"மூணு."

"ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கறோம். இடைவேளை மூணுக்கு முன்னாடி வந்துடும். ரெண்டு பகுதியையும் ஜெயிச்சுட்டா வேலை முடிஞ்சது. இடைவேளையில நானே சொல்றேன். என் கார்ல நீயே கொண்டு போய் விடு."

"இப்பவே சொல்லிட்டா..."

"இப்ப சொன்னா அவன் ஆடுவானா? கால்ல ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பயந்து ஆடுவான். நீயா இருந்தா ஆடுவியா?" டெல் எழுந்தார். "விதி விதிதான், காஸ். லைலை நெனச்சுப் பாரு."

காஸ் லைலை நினைத்துப் பார்த்தார். அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு மணிக்குள் கூடம் நிறைந்துவிட்டது. ஆலைக்காரர்கள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வேட்டைத் தொப்பி போட்ட ஒருவன் நிஜ ரம்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். முதல் பகுதியில் மேபெரி பதினொரு புள்ளி போட்டான். சாயர்ஸ் நான்கு புள்ளியில் அந்தப் பகுதியை வென்றது. புள்ளி குறிக்கும் மேசைக்காரர்கள் பலகையில் ஒன்று என்று மாட்டியதும் கூடம் முழுக்க எழுந்து நின்றது. இன்னும் ஒன்று.

இரண்டாம் பகுதியில் ஆஷ்வொர்த் வேகமெடுத்தான். மேபெரிக்கு இரண்டடி முன்னால் ஓடினான். நின்றான், திரும்பினான், போட்டான். தன்னைக் கடந்து போனவனின் முதுகில் மேபெரி ஒருமுறை தட்டிக்கொடுத்தான்.

"பேரப் பிள்ளை, மெதுவா. தாத்தாவுக்கு மூச்சு வாங்குது."

"உக்காந்துக்க தாத்தா. ஸ்கோரை நான் வந்து சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள். அந்தப் பகுதியை ஃபோர்ட் கல்லன் இரண்டு புள்ளியில் வென்றது.

இடைவேளை. கூடத்தின் கடிகாரம் இரண்டு ஐம்பத்திரண்டு காட்டியது. காஸ் டெல்லைப் பார்த்தார். டெல் வேறு எங்கோ பார்த்தபடி வீரர்களுக்குப் பின்னால் அறைக்குள் போனார். கதவை மூடிக்கொண்டார்.

அலுவலகத்தில் ஃபோன் அடித்தது.

காஸ் எடுத்தார்.

"முன்னாடி பேசினவர்தானே? மேபெரி ஏன் கூப்பிடல?"

"ஆட்டத்துல இருக்கான்."

"அவன்கிட்ட சொல்லியாச்சா இல்லையா?"

காஸ் அலமாரி மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"கேக்குதா? சொல்லியாச்சா?"

"ரெண்டு நிமிஷம். கூட்டிட்டு வரேன். வெச்சுடாதீங்க."

அவர் ஓடினார். ஐம்பத்தாறு வயதில், ஆலையில் இரண்டு விரல் போன கையோடு, ஈரத் தரையில் ஓடினார். அறைக் கதவைத் தட்டினார். டெல் வெளியே வந்து கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினார். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டார்கள். மேபெரி உரக்க எதையோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தது கேட்டது.

"லைன்ல இருக்கான், கோச். இப்பவே வேணுமாம்."

"ஒரு பகுதி காஸ். பன்னெண்டு நிமிஷ ஆட்டம். அவன் இல்லாம அந்தப் பையனை யாரு பிடிப்பா?"

"அவன் வேற ஆளைக் கூப்பிட்டுடுவான்."

"கூப்பிட மாட்டான். சும்மா மிரட்டுவாங்க எல்லாரும். நாப்பது நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறோம்னு சொல்லு."

"கோச்."

"எட்டு வருஷம், காஸ்."

டெல்லின் கை கதவுப் பிடியில் இருந்தது. தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். காஸுக்கு அவரைவிட உயரமும் எடையும் அதிகம். வெளியிலிருந்தே மேபெரியின் பெயரைக் கத்திக் கூப்பிட்டிருக்கலாம். மெல்லிய மரக் கதவுதான்.

காஸ் திரும்பி நடந்தார். ஓடவில்லை.

"நாப்பது நிமிஷத்துல கூப்பிடுவான்," என்றார் ஃபோனில்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, விடுங்க. ஃபோர்ட் கல்லன் அங்கதானே ஆடுது? அவங்க கோச்சை லைனுக்கு வரச் சொல்லுங்க."

காஸ் ரிசீவரை மேசைமேல் வைத்தார். எதிர் வரிசையில் விருந்தாளி அணிக்கு ஒதுக்கிய அறை கோடையில் ஆடுகளுக்கானது. அவர் கதவைத் தட்டினார். அந்த அணியின் பயிற்சியாளர் குள்ளமானவர், கழுத்தில் துண்டு. சேதியைக் கேட்டதும் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி ஓடி வரும்போதே கத்தினார்.

"ஆஷ்வொர்த்! எழுந்திரு! கூப்பிட்டுட்டாங்கடா! ஷூவைக் கழட்டாத, கார்ல மாத்திக்க. போ, போ, ஃபோன்ல சரின்னு சொல்லிட்டு அப்படியே போ!"

உள்ளே கூச்சல். கதவு திறந்தது. ஆஷ்வொர்த் வேர்வையோடு, ஒரு கை மட்டும் மேல்சட்டைக்குள் நுழைந்தபடி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். அவன் முகத்தைக் காஸ் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பயிற்சியாளர் மூச்சு வாங்கக் காஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இன்னிக்கு எங்களை மிதிச்சுடுவீங்க, தெரியும். போகட்டும். நன்றிங்க, ஓடி வந்து சொன்னதுக்கு."

மூன்றாம் பகுதி தொடங்கியபோது மேபெரி எதிரணியின் வரிசையை எண்ணினான்.

"பதினாலு எங்க?"

"கூப்பிட்டுட்டாங்களாம்," என்றான் எதிரணிக்காரன் ஒருவன். "பெரிய லீக். இப்பத்தான். பாதி ஆட்டத்துல."

மேபெரி ஒரு கணம் நின்றான். பிறகு, ஆஷ்வொர்த் போன கதவைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினான். கூட்டத்துக்கு எதற்கென்று புரியவில்லை. ஆனாலும் சேர்ந்து தட்டினார்கள்.

ஆட்டம் நடுவே நின்றபோது தண்ணீர் வாங்க வந்த மேபெரி காஸிடம் சொன்னான். "நல்ல பையன். இடது பக்கம் திரும்பத் தெரியாது, அங்க போய்க் கத்துக்குவான். நம்ம டப்பால எனக்கு ஏதாவது இருக்கா பெரிசு?"

"ஆடு," என்றார் காஸ்.

அவனைத் தடுக்க அங்கே இப்போது யாரும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே போட்டான். அந்தப் பகுதியைச் சாயர்ஸ் பதினைந்து புள்ளியில் வென்றது. பலகையில் இரண்டு மாட்டினார்கள். தொப்பிகளும் பாப்கார்னும் பறந்தன. ஆலை முதலாளியின் மனைவி பெஞ்சின் மேல் ஏறி நின்று அழுதாள். நான்காம் பகுதியையும் வென்றார்கள். ஆட்டத்தையும் வென்றார்கள். மேபெரி முப்பத்தெட்டு புள்ளி. அந்தக் கூடத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு போட்டதில்லை.

ஒரு ஃபோன்தான். எதிராளியை அனுப்பிவிட்டது, தங்கள் ஆளை இருக்க வைத்தது. டெல் அப்படித் திட்டம் போடவில்லை. திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது.

கோர்ட்டிலிருந்து அறைக்குப் போகும் வழியில் டெல் காஸின் முழங்கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. அது வெற்றியினாலா என்று காஸுக்குத் தெரியவில்லை.

"அந்தச் சீட்டை எடுத்துடு."

காஸ் நடையை நிறுத்தினார்.

"நாளைக்கு நானே அவங்களுக்கு ஃபோன் பண்றேன். பேசிப் பார்க்கறேன். இன்னிக்கு அவன் சந்தோஷத்தைக் கெடுக்காத. எடுத்துடு, காஸ்."

அறையில் பியரைக் குலுக்கி ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சினார்கள். நுரை சாய்ந்த தரையில் ஓடி வடிகாலில் இறங்கியது. யாரோ மாடு மாதிரி கத்தினான். எல்லாரும் கத்தினார்கள்.

"டப்பா! டப்பா!"

காஸ் அலுவலகத்து அலமாரிக்குப் போனார். மூடியைத் திறந்தார். நான்கு சீட்டு. பின்னால் யாரும் இல்லை. எது மேபெரியுடையது என்று விரலுக்கே தெரிந்தது. உள்ளங்கையில் மடித்துக்கொண்டு திரும்பினால் யாருக்கும் தெரியாது.

அவர் டப்பாவோடு அறைக்குத் திரும்பினார். முதல் சீட்டைப் படித்தார். ஒருவனின் மனைவி, ஜெயித்தால் சாப்பாட்டுக்கு வெளியே போகலாம், தோற்றால் வீட்டுக்கே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சிரிப்பு. இரண்டாவது, பனியில் நின்ற ஒருவனின் காரை இழுத்துப் போய்விட்டார்கள். இன்னும் பெரிய சிரிப்பு. மூன்றாவது ஒரு பிறந்தநாள் வாழ்த்து. பிறந்தநாள் போன மாதமே முடிந்திருந்தது.

"மேபெரி," என்றார் காஸ்.

"எனக்குத்தான்!" என்று எல்லாரும் கோரஸாகக் கத்தினார்கள்.

அவன் மேசைமேல் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். "எங்க அம்மாவா இருக்கும். படி, பெரிசு."

காஸ் படிக்கவில்லை. நடந்து போய் அவன் கையில் கொடுத்தார். அப்படி அவர் இதற்கு முன் செய்ததில்லை. அதனால் சத்தம் குறைந்தது.

மேபெரி படித்தான். மூன்று வரிதான். எங்கிருந்து, எத்தனை நாள், எத்தனை மணிக்குள். கீழே, காஸின் கோணல் எழுத்தில், பன்னிரண்டு இருபது. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலே கால். மறுபடி சீட்டைப் பார்த்தான். பிறகு அறைக் கதவை, அதற்கு வெளியே எதிர்வரிசையில் இருந்த ஆட்டுக் கொட்டகைக் கதவைப் பார்த்தான். காஸ் அவனுடைய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எல்லாம் அவற்றில் போய் உட்கார்ந்தன.

"பாப்கார்ன் எண்ணெய்," என்றான்.

"ஆமா."

"என் காலுக்கு டேப் போட்டுக்கிட்டிருந்த அப்ப."

"ஆமா."

வாசலில் நின்ற டெல் ஓரடி முன்னால் வந்தார். "ரோலண்ட், இது என் முடிவு. காஸ் மேல தப்பில்ல. ஆட்ட நாள்ல..."

"தெரியும், கோச். சேதி கிடையாது." அவன் டெல் பக்கம் திரும்பவில்லை. "நல்ல விதி. நானும் அதைப் பத்தி எத்தனையோ தடவை பெருமையா எங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

யாரோ பியர் கேனைத் தரையில் மெதுவாக வைத்தார்கள். அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

மேபெரி சீட்டை நாலாக மடித்து டப்பாவுக்குள் போட்டு, மூடியை எடுத்து மூடினான். பிறகு எப்போதும் போல மேசைமேல் காலை நீட்டினான். காஸ் கத்தரிக்கோலை எடுத்துக் குனிந்தார். டேப்புக்கும் தோலுக்கும் நடுவே நுனியை நுழைக்க வேண்டும். ஆயிரம் முறை செய்த வேலை. நுனி உள்ளே போகவில்லை.

மேபெரி அவருடைய கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை. வாங்கிக்கொண்டான். தானே குனிந்து இடது காலை வெட்டினான். கூடுதலாகச் சுற்றிய இரண்டு சுற்றும் சேர்ந்து தடித்திருந்ததால் நேரம் ஆனது.

டெல் மறுநாள் ஃபோன் செய்தார். அவர்கள் ஆளைப் பிடித்தாகிவிட்டது என்றார்கள். ஆஷ்வொர்த் பத்து நாளுக்குப் போனவன், ஆறு வருடம் அங்கே ஆடினான்.

அடுத்த சுற்றில் சாயர்ஸ் மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றது. மேபெரி ஒரு பந்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடினான். மூன்று நாளும் முதலில் வந்து, மூலையில் உட்கார்ந்து, தன் கணுக்காலுக்குத் தானே டேப் சுற்றிக்கொண்டான். சரியாகச் சுற்ற வரவில்லை. காஸ் தள்ளி நின்று பார்த்தார். அலுவலகத்தில் ஃபோன் அடித்தபோது அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சீசன் முடிந்ததும் அவன் கேரிக்குப் போனான். திரும்பி வரவில்லை.

காஸ் காபி டப்பாவை அலமாரியிலிருந்து இறக்கி, மூடியைத் திறக்காமலே தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். டெல் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பதாம் ஆண்டில் சேதி வந்தால் வந்த நிமிடமே சொன்னார்கள். அந்த ஆண்டு கூட்டமும் வரவில்லை. வசந்தத்தில் அணியைக் கலைத்தார்கள்.

பலகைத் தரையைப் பிரித்து லாரியில் ஏற்றிய அன்று, உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து விக் ஸ்டென்ரூட் என்பவன் வந்தான். அணியின் வரலாற்றை ஒரு முழுப் பக்கம் போடப் போவதாகச் சொன்னான். டெல்லிடம் ஏற்கெனவே பேசிவிட்டானாம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி டெல் நிறையச் சொன்னாராம். முப்பத்தெட்டு புள்ளி, இரண்டாயிரம் பேர், பெஞ்சில் ஏறி அழுத முதலாளி மனைவி.

"உங்ககிட்ட சின்னச் சின்ன விவரம் மட்டும் கேட்டா போதும்," என்றான். "பெரிய லீக்குக்கு அழைப்பு வந்தது மொத்தம் நாலு பேருக்கு. சரிதானே?"

காஸ் துவைத்த துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு."

விக் அலுவலகக் கதவுக்கு மேலே பார்த்தான். "சுவத்துல நாலு பேர்தானே இருக்கு?"

"போனது நாலு. கூப்பிட்டது அஞ்சு பேரை."

"டெல் எதுவும் சொல்லலையே. அஞ்சாவது யாரு?"

வெளியே லாரிக்காரர்கள் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் சத்தம் கேட்டது. காஸ் கடைசித் துண்டை மடித்து வைத்தார். பெட்டியை மூடி, அதன்மேல் உட்கார்ந்தார். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"பேப்பரை எடுத்துக்க," என்றார். "ஃபோன் வந்தது பன்னெண்டு இருபதுக்கு. எடுத்தது நான்."